பூங்காவில் பேச யாரைக் கேட்க வேண்டும்?

அமெரிக்காவின் மிகப் பழைய பொதுப் பூங்கா பாஸ்டன் காமன். 1890களில் வில்லியம் டேவிஸ் என்ற போதகர் அங்கே நின்று பிரசங்கம் செய்தார். மேயரின் அனுமதி இல்லாமல் நகரத்தின் பொது இடங்களில் யாரும் கூட்டத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்று அப்போது ஒரு விதி. டேவிஸ் அனுமதி வாங்கவில்லை, அபராதம் போட்டார்கள், அவர் வழக்குக்குப் போனார். 1895-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பிற்காலத்தில் பேச்சுரிமையின் பெரிய காவலர் என்று பெயர் வாங்கிய அதே ஹோம்ஸ்தான். தன் வீட்டுக்குள் பேசக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை, பூங்காவில் பேசக் கூடாது என்று சட்டமன்றம் சொல்வதும் அப்படித்தான் என்று அவர் எழுதினார். 1897-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது.

பூங்காவில் கூட்டம் போட, ஆர்ப்பாட்டம் செய்ய, துண்டுப் பிரசுரம் கொடுக்க எதற்கு பெர்மிட் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வரும். பூங்கா யாருடையது என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது. அரசு வீட்டுக்காரர் என்றால் நாம் வாசலில் நிற்கும் ஆள். "உள்ளே வரலாமா?" என்று கேட்க வேண்டும், "முடியாது" என்றால் திரும்பிப் போக வேண்டும், காரணம் கேட்கக்கூட வழியில்லை.

அந்தப் பதில் மாற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜெர்சி சிட்டியின் மேயர் ஃபிராங்க் ஹேக் தொழிற்சங்கக்காரர்களை ஊருக்குள் கூட்டம் போட விடவில்லை. நோட்டீஸ் கொடுத்தவர்களைப் பிடித்து நகரத்தை விட்டே ஏற்றி அனுப்பினார்கள். 1939-ல் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தெருவுக்கும் பூங்காவுக்கும் பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி, நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு அவை மக்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்டவை, கூடுவதற்கும் கருத்துப் பரிமாறுவதற்கும் பொது விஷயங்களை விவாதிப்பதற்கும் பயன்பட்டவை என்று நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் எழுதினார். வீட்டுக்காரர் போய் அறங்காவலர் வந்தார். அறங்காவலருக்குச் சொத்தைப் பராமரிக்கும் கடமை உண்டு. அதை அனுபவிக்க வருகிறவரின் கருத்து தனக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கும் வேலை கிடையாது.

சரி, அப்படியென்றால் பெர்மிட்டே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே புல்வெளி, இரண்டு பெரிய கூட்டங்கள் வந்து நின்றால் யாராவது முன்கூட்டிக் குறித்து வைத்திருக்க வேண்டும். கழிவறைக்கும் ஆம்புலன்ஸ் வழிக்கும் ஏற்பாடு வேண்டும். 1941-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஊர்வல வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டதும் அதைத்தான்: நேரம், இடம், நடத்தும் முறை ஆகியவற்றை ஒழுங்குபடுத்த உரிமம் கேட்கலாம். யார், எதைப் பற்றி என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காகிதத்தில் இந்தக் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கு அலுவலகங்களிடம் எத்தனை வழி இருக்கிறது என்பதுதான் என்னை விடாமல் படிக்க வைக்கிறது.

முதல் வழி, கேள்வி கேட்பது. மேரிலாந்தில் ஹாவ்ர டி கிரேஸ் என்ற சிறிய ஊர். அங்கிருந்த பூங்காவில் பைபிள் உரை நிகழ்த்த 1949-ல் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் விண்ணப்பித்தார்கள். பெர்மிட் வேண்டும் என்று அந்த ஊரில் எழுதப்பட்ட சட்டமே இல்லை, வெறும் வழக்கம்தான். மற்ற மதக் குழுக்களுக்கு அந்தப் பூங்கா ஏற்கெனவே கிடைத்திருந்தது. பூங்கா ஆணையர் இவர்களுக்கு மறுத்தார். நகர மன்றத்துக்குப் போனார்கள். மன்றத்தில் அவர்களிடம் எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று யாரும் கவலைப்படவில்லை. கொடிக்கு ஏன் சல்யூட் அடிக்க மாட்டீர்கள், பைபிளுக்கு நீங்கள் சொல்லும் பொருள் என்ன என்று விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு மறுத்தார்கள். அனுமதி இல்லாமலே ஒருவர் பேச எழுந்தார், உடனே கைது. குற்றச்சாட்டு, ஒழுங்கீனமான நடத்தை. அங்கே எந்த ஒழுங்கீனமும் நடந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லி 1951-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

ஒரு விண்ணப்பதாரரிடம் அலுவலகம் என்ன கேட்கிறது என்பதை வைத்தே அது தன்னை என்னவாக நினைத்துக்கொள்கிறது என்று சொல்லிவிடலாம். "எத்தனை நாற்காலி?" என்று கேட்கிற அலுவலகம் பராமரிப்பு வேலை பார்க்கிறது. "ஏன் இந்தக் கூட்டம்?" என்று கேட்கிற அலுவலகம் நீதிபதி நாற்காலியில் ஏறிவிட்டது.

இரண்டாவது வழி, வளவளா வார்த்தைகள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஊர்வல உரிமத்தை மறுக்க நகர ஆணையத்துக்குச் சட்டம் கொடுத்திருந்த காரணங்கள் இவை: பொது நலம், அமைதி, பாதுகாப்பு, ஆரோக்கியம், கண்ணியம், நல்லொழுங்கு, ஒழுக்கம், வசதி. இதற்குள் அடங்காதது உலகத்தில் என்ன இருக்கிறது? 1963-ல் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு பெர்மிட் கேட்டுப் போனபோது, ஆணையர் புல் கானர் இந்த வார்த்தைகளைக்கூடத் தேடவில்லை. பர்மிங்ஹாமில் மறியல் செய்ய உங்களுக்கு அனுமதி கிடையாது, உங்களைச் சிறைக்குத்தான் மறியல் செய்து அனுப்புவேன் என்று சொன்னதாக நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 12, புனித வெள்ளி. பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த்தும் மற்றவர்களும் நடைபாதையில் இரண்டு இரண்டு பேராக, போக்குவரத்தை மறிக்காமல் நடந்தார்கள். மொத்தம் 52 பேர். பெர்மிட் இல்லாமல் ஊர்வலம் போனதற்காக ஷட்டில்ஸ்வர்த்துக்குக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெளிவான அளவுகோல் எதுவும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கே விட்டுவிடும் உரிமச் சட்டம் செல்லாது, அப்படிப்பட்ட சட்டத்தை எதிர்கொள்கிறவர் அதைப் பொருட்படுத்தாமலே பேசலாம் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, பலரும் அதைச் சொல்வதில்லை. அதே ஊர், அதே சட்டம், அதே புனித வெள்ளி. இரண்டு நாள் முன்னதாக நகரம் ஒரு மாநில நீதிமன்றத்தில் ஊர்வலத்துக்குத் தடை உத்தரவு வாங்கியிருந்தது. அந்தத் தடையை மீறியதற்காக மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டவர்கள் மேல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. சட்டம் தப்பாக இருந்தாலும், தடை உத்தரவு வந்துவிட்டால் முதலில் நீதிமன்றத்துக்குப் போய் அதை நீக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டின் கடைசியில் கிங் மறுபடி சிறைக்குப் போனார். யோசித்துப் பாருங்கள். தடை புதன்கிழமை இரவு வருகிறது. புனித வெள்ளி நாளை மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு. மேல்முறையீடு எந்த நீதிமன்றத்தில் அதற்குள் முடியும்? ஊர்வலம் போனவர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தம் இருந்தது. ஜூன் மாதத்தில் கிடைக்கும் நீதியால் ஈஸ்டரில் நடக்க முடியாது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த விஷயத்துக்காகத்தான். பேச்சை மறுப்பதற்கு "முடியாது" என்று சொல்லவே வேண்டாம். காலம் கடத்தினால் போதும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், மக்களின் கோபத்துக்கும் துக்கத்துக்கும் அது அப்படியே பொருந்தும். இன்று ஒரு தீர்ப்பு வந்தது, இன்று ஒரு போர் தொடங்கியது, இன்று ஓர் உயிர் போனது என்றால் மக்கள் இன்றோ நாளையோதான் கூடுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும் அனுமதி யாருக்கு?

எனக்கே ஒருமுறை இது நேர்ந்தது. ஓர் அஞ்சலிக் கூட்டத்துக்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு பூங்காவுக்கு விண்ணப்பம் போட்டோம். மைக் கிடையாது, பந்தல் கிடையாது, ஆளுக்கொரு தட்டி, ஒரு மணி நேரம். படிவத்தில் நிகழ்ச்சி வகை என்று ஒரு கட்டம். திருமணம், ஓட்டப் பந்தயம், படப்பிடிப்பு, பிறந்தநாள், மற்றவை. நாங்கள் "மற்றவை". அதற்குக் கீழே பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழை இணைக்கச் சொல்லியிருந்தது. அதற்கும் கீழே, எதிர்ப்புத் தெரிவிக்க யாராவது வரக்கூடுமா, ஆம் என்றால் விவரம் தருக. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு. "ஆம்" என்று போட்டால் பாதுகாப்புச் செலவு என்று ஒன்று வரும். "இல்லை" என்று போட்டுவிட்டு யாராவது வந்தால் பொய் சொன்னதாகிவிடும். கவுன்டரில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், வந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அனுமதி வந்தது. அதற்குள் "நடக்குமா நடக்காதா" என்று தெரியாமல் வருவதாக இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலையை வைத்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் எங்களை மறுக்கவில்லை. வழக்குப் போடவும் அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கூட்டம் பாதியாகிவிட்டது.

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்கா, நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளி போன்ற இடங்கள் அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் வருகின்றன. அங்கே ஆர்ப்பாட்டம் நடத்த விரும்புகிறவர் 48 மணி நேரத்துக்கு முன்னால் விண்ணப்பித்தால் போதும். விண்ணப்பம் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அலுவலகம் மறுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதிகாரி விடுப்பில் போகலாம், கோப்பு மேசையில் தூங்கலாம். அதன் விலையை விண்ணப்பித்தவர் கொடுக்க வேண்டாம். ஒரு விதிப் புத்தகத்தில் இதைவிட மரியாதையான வரியை நான் படித்ததில்லை.

அதே விதிகளில் தலை எண்ணிக்கையும் உண்டு. 25 பேர் வரை பெர்மிட்டே வேண்டாம். ஃபிராங்க்ளின் பூங்காவிலும் மெக்ஃபெர்சன் சதுக்கத்திலும் 500 பேர் வரை வேண்டாம். வெள்ளை மாளிகை நடைபாதையில் 750 பேர், லஃபாயெட் பூங்காவில் 3,000 பேர் என்று உச்ச வரம்பு. எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. எண்ணுக்குக் கட்சி கிடையாது.

தனி ஆளுக்கும் சிறு குழுவுக்கும் பெர்மிட் கேட்பது எவ்வளவு அபத்தம் என்பது தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் ஏற்கப்பட 2010 வரை ஆனது. 2007-ல் மவுன்ட் ரஷ்மோரில், நான்கு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய மலைக்குக் கீழே, மைக்கேல் போர்ட்லி என்பவர் மதப் பிரசுரங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார். பெர்மிட் இல்லை என்று ரேஞ்சர் நிறுத்திவிட்டார். தேசியப் பூங்காக்களில் ஒரே ஒரு ஆள் ஒரு தாளை நீட்டுவதற்கும் பெர்மிட் கேட்ட விதியை 2010-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பிறகு விதியைத் திருத்தி, குறித்த இடங்களில் 25 பேர் வரை, மேடையோ பந்தலோ போடாமல், பெர்மிட் இல்லாமல் கூடலாம் என்று வைத்தார்கள். பெரிய கூட்டங்களுக்கு, முழுமையான விண்ணப்பம் வந்து பத்து நாளுக்குள் முடிவு.

இதோடு ஒப்பிட, நகரப் பூங்காக்களின் நிலைமை இறுக்கமானது. சிகாகோவின் பூங்காக்களை நடத்தும் பூங்கா மாவட்டம் என்ற அமைப்பின் விதியில் 50 பேருக்கு மேல் கூடினாலும், ஒலிபெருக்கி வைத்தாலும் பெர்மிட் வேண்டும். அலுவலகத்துக்கு 14 நாள் அவகாசம், எழுத்தில் சொல்லி இன்னொரு 14 நாள் நீட்டிக்கலாம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் குழு ஒன்று பலமுறை விண்ணப்பித்துச் சில முறை கிடைத்து, சில முறை மறுக்கப்பட்டு, கடைசியில் 2002-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் ஒருமனதாகப் பூங்கா மாவட்டத்தின் பக்கம் நின்றது. மறுப்பதற்கு 13 காரணங்களை வரையறுத்து எழுதியிருக்கிறார்கள், கருத்தைப் பார்ப்பதில்லை, மறுத்தால் காரணம் தருகிறார்கள், அது போதும் என்றார்கள். அந்த விதி மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். காரணங்களை எழுதி வைப்பது பர்மிங்ஹாமின் "ஒழுக்கம், வசதி" என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 28 நாள் என்பது ஒரு மாதம். ஒரு மாதத்தில் எந்தச் செய்தி செய்தியாக இருக்கும்?

பணமும் ஒரு பூட்டுதான். ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுன்டியில் 1987-ல் நடந்த சிவில் உரிமை ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கப் பெருஞ்செலவு ஆனது. அதன் பிறகு ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வாங்கலாம் என்று விதி போட்டார்கள். வெள்ளை இனவாதக் குழு ஒன்று, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை எதிர்த்துக் கூட்டம் நடத்த அனுமதி கேட்டது. கேட்ட கட்டணம் 100 டாலர். குழு வழக்குப் போட்டது. 1992-ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்த விதியைத் தள்ளியது. எதிர்க்க எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு ஆத்திரத்தோடு வருவார்கள் என்று பார்த்துக் கட்டணத்தை நிர்ணயித்தால், பேச்சின் உள்ளடக்கத்துக்குத்தான் விலை போடுகிறீர்கள் என்பது வாதம். கலகக் கும்பலைப் புண்படுத்தும் என்பதற்காகப் பேச்சின் மேல் பணச்சுமை ஏற்றக் கூடாது.

அந்தக் குழு சொன்னது எதுவும் எனக்கு ஏற்புடையதல்ல. இருந்தும் இந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மாற்றி யோசித்தால் காரணம் புரியும். எதிரிகள் அதிகம் இருப்பவர்தான் அதிகம் கட்ட வேண்டும் என்றால், அந்த ரசீது முதலில் யார் கைக்குப் போகும்? சிறுபான்மையாக இருப்பவருக்கு. கல்லெறியப் போகிறவனுக்காக, கல்லடி படப்போகிறவனிடம் பணம் வசூலிப்பது அது. எங்கள் படிவத்தில் இருந்த அந்த "எதிர்ப்பாளர்" கட்டம் என்னை ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது இந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அப்புறம், புல். சிரிக்கத் தோன்றினாலும் இது பெரிய விஷயம். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் கிரேட் லான் புல்வெளியில் 1982 ஜூன் 12 அன்று அணு ஆயுத எதிர்ப்புக்காகச் சுமார் பத்து லட்சம் பேர் திரண்டார்கள். 2004-ல் குடியரசுக் கட்சி மாநாடு நியூயார்க்கில் நடந்தபோது, ஈராக் போரை எதிர்த்து இரண்டரை லட்சம் பேருக்கு அதே இடத்தை ஒரு கூட்டமைப்பு கேட்டது. நகரம் மறுத்தது. காரணம், புதுப்பித்த புல் பாழாகும். ஆனால் பெரிய இசைக் கச்சேரிகளுக்கு அந்தப் புல்வெளி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. புல்லைக் காப்பதும் அறங்காவலரின் வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் புல் மறுபடி முளைக்கும். அந்த மாநாடு அந்த ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நான்கு நாள்தான் நடந்தது.

கடினமான இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, தூக்கம். 1982 குளிர்காலம். வீடில்லாதவர்களின் நிலையைக் காட்ட ஒரு குழு லஃபாயெட் பூங்காவிலும் நேஷனல் மாலிலும் கூடாரம் போட அனுமதி கேட்டது. பூங்காச் சேவை கொடுத்தது: ஒன்றில் 20 கூடாரம், மற்றதில் 40. ஆனால் அதற்குள் தூங்கக் கூடாது என்றது. கூடாரம் போடலாம், படுக்கலாம், கண்ணை மூடக் கூடாது! வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1984-ல் 7க்கு 2 என்று அரசு வென்றது. பூங்காவைப் பாதுகாக்கும் விதி, கருத்தைப் பார்க்காத விதி, எனவே செல்லும். எதிர்த்து எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். தங்க இடமில்லாமல் குளிரில் படுத்துக் கிடப்பதுதான் இங்கே சொல்லவந்த செய்தியே என்பதை அவர் பார்த்தார். நான் மார்ஷல் பக்கம். பேச்சு வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, சில சமயம் உடம்பே பேசும். ஆனால் எல்லா இரவும் எல்லாரும் எல்லாப் பூங்காவிலும் தூங்கலாமா என்று யாராவது கேட்டால், எனக்கும் சட்டென்று பதில் வராது.

அந்த லஃபாயெட் பூங்காவிலேயே 1981 ஜூனில் வில்லியம் தாமஸ் என்பவர் அணு ஆயுதங்களுக்கு எதிராக உட்கார்ந்தார். அந்த ஆண்டே கான்செப்சியோன் பிச்சியோட்டோ அவரோடு சேர்ந்தார். தாமஸ் 2009-ல் இறந்தார், பிச்சியோட்டோ 2016 ஜனவரியில் இறக்கும் வரை அந்த இடத்தை விடவில்லை. விதிப்படி அங்கே வைக்கும் தட்டி நான்கடிக்கு நான்கடிக்கு மேல் போகக் கூடாது. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. வைத்தவர் மூன்றடி தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். மூன்றடி என்றால் கை நீட்டும் தூரம். முப்பது ஆண்டுகளுக்கு மேல், வெயிலிலும் பனியிலும், யாராவது ஒருவர் அந்த மூன்றடிக்குள் இருந்தார்கள். 2013-ல் காவலுக்கு இருந்த ஒருவர் இடத்தை விட்டுப் போய்விட, போலீஸ் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. பிறகு திரும்ப வாங்கி வந்து மறுபடி வைத்தார்கள். இந்த மூன்றடி விதி நியாயமா என்று கேட்டால், கேட்பாரற்ற தட்டிகளின் குப்பைமேடாகப் பூங்கா ஆகாமல் இருக்க ஏதோ ஒரு விதி வேண்டும்தான். ஆனால் அந்த விதிக்கான விலையைத் தன் வாழ்நாளால் கொடுத்த ஒரு பெண்ணை நினைக்காமல் என்னால் அந்த வரியைப் படிக்க முடிவதில்லை.

யார் வேண்டுமானாலும் நின்று பேசும் இடமான லண்டன் ஹைட் பூங்காவின் பேச்சாளர் மூலையைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அதுவும் யாரும் மனமுவந்து கொடுத்ததல்ல. 1866 ஜூலையில் வாக்குரிமை கேட்டு வந்த சீர்திருத்த லீக் கூட்டத்துக்கு அரசு பூங்காக் கதவைச் சாத்தியது. கூட்டம் கம்பி வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனது. அடுத்த ஆண்டு மே மாதம் தடையை மீறி மறுபடி கூடினார்கள், உள்துறை அமைச்சர் ஸ்பென்சர் வால்போல் பதவி விலகினார். இப்படிக் கூடிப் பேசுவதற்கு வழிவிட்ட பூங்கா ஒழுங்குமுறைச் சட்டம் 1872-ல்தான் வந்தது.

சிங்கப்பூர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 2000 செப்டம்பர் 1 அன்று ஹாங் லிம் பூங்காவில் ஒரு பேச்சாளர் மூலையைத் திறந்தது. தமிழ் உட்பட நான்கு ஆட்சி மொழிகளிலும் பேசலாம், மதத்தைத் தொடக் கூடாது, முன்கூட்டிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2008-ல் அந்தப் பதிவு காவல் துறையிடமிருந்து தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்துக்கு மாறியது, ஆர்ப்பாட்டமும் அனுமதிக்கப்பட்டது. இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும். பேசப் போகிறவர் போலீஸ்காரரிடம் பெயர் கொடுப்பதற்கும் தோட்டக்கலை அலுவலகத்திடம் கொடுப்பதற்கும் மனத்தளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2013-ல் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடியதும் இதனால்தான் முடிந்தது. ஆனால் அந்தப் பூங்காவின் எல்லையைத் தாண்டினால், கையில் ஒரு தட்டியோடு தனியாக நிற்கும் ஓர் ஆளும் அங்கே சட்டப்படி "கூட்டம்"தான், அதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். ஒரு பூங்காவைத் திறந்துவிட்டு நகரத்தைப் பூட்டி வைப்பதை நான் தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

வாஷிங்டனின் அந்த 24 மணி நேர விதியையும் எடுத்துவிடப் பார்த்தார்கள். 2018-ல் தேசியப் பூங்காச் சேவை ஒரு திருத்த வரைவு வெளியிட்டது. வெள்ளை மாளிகை நடைபாதையில் பெரும்பகுதியை மூடுவது, ஆர்ப்பாட்டக்காரர்களிடம் செலவைத் திரும்ப வாங்கலாமா என்று ஆராய்வது, மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் விதியை நீக்குவது. பொதுமக்களிடமிருந்து 1,40,000க்கு மேல் கருத்துகள் குவிந்தன. 2019 அக்டோபரில் வரைவைத் திரும்பப் பெற்றார்கள். பூங்கா விதியின் ஓர் உட்பிரிவுக்காக இத்தனை பேர் உட்கார்ந்து எழுதினார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

பெர்மிட் கேட்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். விண்ணப்பிக்கும் முன் விதியின் மூலத்தைப் படியுங்கள், கவுன்டரில் சொல்வது பெரும்பாலும் வழக்கம்தான். எத்தனை பேர் வரை பெர்மிட் தேவையில்லை என்று முதலில் பாருங்கள், உங்களுக்கு அது வேண்டியதே இல்லாமல் இருக்கலாம். விண்ணப்பம் கொடுத்த தேதியும் நேரமும் போட்ட ரசீது வாங்குங்கள், காலக்கெடு அந்த நிமிடத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். காப்பீடு வாங்க வசதியில்லாதவருக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்ட இடம் கிடைக்காது என்றால், அதே நாளில் வேறு எந்த இடம் தருவீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். வாயால் மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், எந்த விதியின் எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் சேர்த்து. அந்தத் தாள் கையில் இருந்தால்தான், நாள் கடந்து போவதற்குள் ஒரு வழக்கறிஞரால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேற முடியும்.